படுக்கை வசதிக்காகப் பிறந்த டகோட்டா

அஞ்சல் துறையில் நான் சேர்ந்த புதிதில், மூத்தவர்கள் ராத்திரி விமானத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 1949 ஜனவரியில் தொடங்கிய சேவை அது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நாக்பூரில் சந்தித்துத் தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். அந்த விமானங்களை 'டகோட்டா' என்பார்கள். ஏதோ பட்டாளத்துப் பழைய சாமான் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்றபின் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது பட்டாளத்துக்காகப் பிறந்ததே இல்லை என்று.

கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1931 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் ஃபோக்கர் விமானம் ஒன்று விழுந்து எட்டுப் பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நியூட் ராக்னி, நாடே கொண்டாடிய கால்பந்துப் பயிற்சியாளர். மரத்தாலான இறக்கையில் ஈரம் இறங்கிப் பசை விட்டுப்போயிருந்தது. அதன் பிறகு மர இறக்கை விமானத்தில் யார் ஏறுவார்கள்? போயிங் நிறுவனம் உலோக விமானம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆனால் முதல் அறுபதும் அதன் சகோதர நிறுவனமான யுனைடெட்டுக்கு என்று முடிவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் டி.டபிள்யூ.ஏ.வின் ஜாக் ஃப்ரை 1932 ஆகஸ்டில் மற்ற விமானத் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கலிஃபோர்னியாவில் டொனால்ட் டக்ளஸ் கைக்கும் போனது.

நிபந்தனைகளில் ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றியது. டி.டபிள்யூ.ஏ. செல்லும் எந்த விமான நிலையத்திலிருந்தும், ஓர் இன்ஜின் நின்றுபோனாலும், முழுச் சுமையோடு மேலே ஏற வேண்டும். அவர்கள் மூன்று இன்ஜின் கேட்டிருந்தார்கள். டக்ளஸின் பொறியாளர்கள் இரண்டே போதும் என்றார்கள். நிரூபிக்க வேண்டுமே! 1933 செப்டம்பரில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் உள்ள அரிசோனாவின் வின்ஸ்லோவிலிருந்து டி.சி.-1 ஓட ஆரம்பித்தது. தரையை விட்டுக் கிளம்பும் சமயத்தில் ஓர் இன்ஜினை நிறுத்தினார்கள். மிச்சமிருந்த ஒற்றை இன்ஜினிலேயே அது மேலேறி ஆல்புகர்க்கி வரை போய்ச் சேர்ந்தது. டி.சி.-1 மொத்தம் ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. அதைச் சற்றுப் பெரிதாக்கியதே டி.சி.-2.

அடுத்து வந்தவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சி.ஆர். ஸ்மித். கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரவெல்லாம் பறக்கும் பயணிகள் ரயிலில் போலப் படுத்துத் தூங்க வேண்டும் என்பது அவர் ஆசை. டக்ளஸுக்கு முதலில் விருப்பமில்லை, ஸ்மித் விடவில்லை. பதினான்கு படுக்கைகளுக்காக உடற்பகுதியை அகலமாக்கினார்கள். பகலில் பறக்கும்போது அதே இடத்தில் 21 இருக்கைகள். 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள். இந்த டி.சி.-3 வந்த பிறகுதான் அரசாங்கத்தின் தபால் பணத்தை நம்பாமல், பயணிகளின் டிக்கெட் பணத்திலேயே ஒரு விமான நிறுவனம் பிழைக்க முடிந்தது. தபால்காரனான எனக்கு இதில் சிறு வருத்தம்!

உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ராணுவம் இதே விமானத்தை சி-47 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் வாங்கியது. பின்பக்கம் இடது புறத்தில் பெரிய சரக்குக் கதவு, கெட்டிப்படுத்திய தரை, சுவரோரம் மடக்கும் பெஞ்சு. அடிப்படையில் மாற்றம் அவ்வளவுதான். படுக்கைக்காக அகலப்படுத்திய இடத்தில் ஜீப் நின்றது, காயம்பட்டவர்களின் ஸ்ட்ரெச்சர்கள் அடுக்கப்பட்டன. பிரிட்டிஷார் வைத்த பெயர்தான் டகோட்டா. ஒற்றை இன்ஜினில் ஏற வேண்டும் என்று பயணிகளுக்காகச் சேர்த்துவைத்த பலத்தை ராணுவம் அளவுக்கு மீறிய சுமையேற்றிச் செலவழித்தது.

அதன் உறுதிக்கு எனக்குப் பிடித்த சாட்சி 1941-இல் சீனாவில் நடந்தது. ஜப்பானியர் குண்டு வீசியதில் ஒரு டி.சி.-3 வலது இறக்கையை இழந்தது. மாற்று இறக்கை கிடைக்கவில்லை. ஹாங்காங்கிலிருந்து ஒரு டி.சி.-2-இன் இறக்கையை இன்னொரு விமானத்தின் வயிற்றில் கட்டிக் கொண்டுவந்து பூட்டினார்கள். ஒரு பக்கம் ஐந்தடி குட்டை. அப்படியே பறந்தது! அதற்கு 'டி.சி. இரண்டரை' என்று பெயர்.

ஆனால் பயணி விமானத்தின் குறைகளும் கூடவே வந்தன. வால் தரையில் படிந்து நிற்பதால் உள்ளே எல்லாம் ஏற்றம். சரக்கை மேடு ஏற்றுவதுபோலத் தள்ள வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. துப்பாக்கி கிடையாது, கவசம் கிடையாது, குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. 1944 ஜூன் 5 இரவு இப்படிப்பட்ட எண்ணூறுக்கு மேற்பட்ட விமானங்கள் நார்மண்டியை நோக்கிப் பாராசூட் வீரர்களோடு போயின. கீழேயிருந்து சுட்டால் வாங்கிக்கொள்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. ஓட்டியவர்களை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

நம் அசாமிலிருந்து இமயத்தைக் கடந்து சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன 'ஹம்ப்' பாதையையும் முதலில் திறந்தவை இவைதான். முழுச் சுமையோடு சிகரங்களுக்கு மேலே போகும் வலு இல்லாததால் கணவாய்களுக்குள் நுழைந்து நுழைந்து போயின. மேகம் மூடினால் மலை தெரியாது. விழுந்து சிதறிய விமானங்களின் தகடு வழிநெடுகப் பளபளத்ததால் அதற்கு 'அலுமினியப் பாதை' என்றே பெயர் வந்தது. பின்னால் பெரிய விமானங்கள் வந்து அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டன.

போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவாக விற்கப்பட்டன. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பலவற்றைச் செப்பனிட்டு மறுபடி பயணி விமானமாக்கியது. 1947 அக்டோபர் 27 காலை சீக்கியப் படையினரை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியவை விமானப்படை டகோட்டாக்களும், தனியார் நிறுவனங்களிடமிருந்து அவசரமாகத் திரட்டிய டகோட்டாக்களும்தான். அடுத்த மே மாதம் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் ஒரு டகோட்டாவை இறக்கினார். அங்கே இருந்தது அவசரமாகச் சமன்படுத்திய மண் தரை.

அதற்கு அடுத்த ஜனவரியில்தான் நாக்பூருக்கு எங்கள் தபால் பைகள் கிளம்பின.