வீடு வீடாகத் தேடப்பட்ட திரிபு: இங்கிலாந்தின் தீவிரப் பரிசோதனை முறை, 2020–2022

2021 பிப்ரவரி 1 அன்று இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் எட்டு அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை அறிவித்தார். லண்டனுக்குள் ஹன்வெல், டாட்டன்ஹாம், மிச்சம். வெளியே வோக்கிங், மெய்ட்ஸ்டோன், ப்ராக்ஸ்பர்ன், வால்சால், சவுத்போர்ட். இங்கெல்லாம் 16 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 80,000 பேர், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றது அரசு. தேடப்பட்டது தென்னாப்பிரிக்காவில் முதலில் கண்டறியப்பட்டு, பின்னர் பீட்டா எனப் பெயர் பெற்ற கொரோனா வைரஸ் திரிபு. பிரிட்டனில் அதுவரை தெரியவந்த 105 பேரில் 11 பேருக்கு வெளிநாட்டுப் பயணத் தொடர்பே இல்லை. உள்ளூரிலேயே பரவுகிறது என்பதுதான் அதன் பொருள். அதன்பின் பீட்டா அங்கே தலையெடுக்கவில்லை. அந்தப் பெருமை பரிசோதனைக்குச் சேர்ந்தது. அதில் பெரும்பங்கு பரிசோதனைக்கு உரியதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊரையே திரட்டிச் சோதிப்பது பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1957இல் கிளாஸ்கோ நகரம் காசநோயைத் தேடி ஐந்து வாரங்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தது. கொரோனா காலத்தில், சுமார் 3,000 பேர் வாழும் வோ என்ற இத்தாலியச் சிற்றூர் 2020 தொடக்கத்தில் இருமுறை முழுமையாகச் சோதிக்கப்பட்டது. தொற்றியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறியே இல்லை என்று அங்கே தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஸ்லோவாக்கியா இரண்டே நாளில் 36 லட்சம் பேரைச் சோதித்தது. நவம்பர் 6 அன்று லிவர்பூலில் ராணுவத்தின் துணையுடன் முன்னோட்டம் தொடங்கியது. ஏழைகள் மிகுந்த பேட்டைகளில் சோதனைக்கு வந்தோர் குறைவு என்ற உண்மை அங்கே வெளிப்பட்டது. அதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

இவையெல்லாம் நோயாளியைத் தேடியவை. பிப்ரவரி 2021இல் தேடப்பட்டது நோயாளியின் உடலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு வரிசை. வேலை அங்கேதான் கடினமானது.

கென்ட் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட ஆல்பா திரிபைப் பொறுத்தவரை பிரிட்டனுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது. பரவலாகப் புழங்கிய ஒரு பிசிஆர் பரிசோதனை வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். ஆல்பாவின் ஸ்பைக் மரபணுவில் இருந்த ஒரு சிறு நீக்கத்தால் மூன்றில் ஓரிடம் மட்டும் பிடிபடாது. அந்தக் குறைபாடே அடையாளமாயிற்று. பீட்டாவுக்கு அந்த வசதி இல்லை; முழு மரபணு வரிசையாக்கம் செய்தால்தான் தெரியும். அப்போது பிரிட்டனில் தொற்று உறுதியான மாதிரிகளில் 5 முதல் 10 விழுக்காடே வரிசையாக்கத்துக்குப் போயின. மாதிரியில் வைரஸ் குறைவாக இருந்தால் அதுவும் நடக்காது. முடிவு வரப் பல நாட்கள் ஆகும். சுகாதாரப் பணியாளர் ஒரு தெருவில் நுழையும்போது, அங்கே முதலில் தொற்றியவர் பெரும்பாலும் குணமாகியிருப்பார்.

களத்தில் வேலை இப்படி நடந்தது. வாகன நிறுத்துமிடங்களில் நடமாடும் பரிசோதனை மையங்கள் நின்றன. தன்னார்வலர்களும் ஊழியர்களும் கதவைத் தட்டி ஒரு பொட்டலத்தைக் கொடுத்துப் போவார்கள். வீட்டிலுள்ளவர் பஞ்சுக்குச்சியைத் தொண்டையிலும் மூக்கிலும் துடைத்து, திரவம் உள்ள குழாயில் முறித்துப் போட்டு, பட்டைக்கோடு ஒட்டிய பையில் வைத்துத் தர வேண்டும். மிச்சம் அடங்கிய மெர்ட்டன் பகுதியில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கிறார்கள். நம் வாசகர்கள் சிலரின் உறவினர் வீட்டுக் கதவும் அந்த வாரம் தட்டப்பட்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் நூலிழை எவ்வளவு மெல்லியது என்பதை அதே மாதம் காட்டியது. பிரேசிலில் பரவிய திரிபு பிரிட்டனில் ஆறு பேரிடம் இருப்பதாக பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் யார் என்றே தெரியவில்லை. பரிசோதனைப் பொட்டலத்தோடு வந்த அட்டையில் அவர் தம் விவரத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். வரிசையாக்கம் வைரஸை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டது. ஆளை மட்டும் காணோம்! அந்தப் பொட்டலம் போயிருக்கக்கூடிய வீடுகளை 379 ஆகச் சுருக்கி, மார்ச் 5 அன்றுதான் அவர் குராய்டனில் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள்.

பீட்டா ஏன் அடங்கியது? ஜனவரி முதல் வாரத்திலேயே நாடு தழுவிய பொது முடக்கம் வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த எட்டுப் பகுதிகளுக்கு வெளியேயும் கொரோனா தொற்று அதே மாதங்களில் செங்குத்தாகச் சரிந்தது. கூடவே, ஏற்கெனவே நாட்டைப் பிடித்திருந்த ஆல்பா வேகமாகப் பரவுவது. பீட்டாவால் அதை முந்த முடியவில்லை. ஏப்ரலில் கடைகள் திறந்தபோது தெற்கு லண்டனின் வான்ட்ஸ்வொர்த், லாம்பெத் பகுதிகளில் 44 பீட்டா தொற்றுகள் உறுதியாகி, அதுவரை இல்லாத அளவுக்குப் பரிசோதனை விரிந்தது. அங்கும் அது காட்டுத்தீயாகவில்லை. பரிசோதனை சில சங்கிலிகளை அறுத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதிரி பலவீனமானவன்.

பலமான எதிரி மே மாதம் வந்தான். மகாராஷ்டிரத்தில் முதலில் காணப்பட்ட டெல்டா, ஆல்பாவைவிடச் சுமார் 60 விழுக்காடு வேகமாகப் பரவுவதாக மதிப்பிடப்பட்டது. போல்ட்டனிலும் பிளாக்பர்னிலும் அதே தீவிரப் பரிசோதனை நடந்தது, தடுப்பூசிப் பேருந்துகளும் வந்தன. போல்ட்டனில் மே இறுதியில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது உண்மை. அதற்குள் டெல்டா நாடெங்கும் போய்விட்டது. ஜூன் 21இல் முடிவதாக இருந்த கட்டுப்பாடுகள் ஜூலை 19க்குத் தள்ளிப்போயின.

இனி லிவர்பூலுக்குத் திரும்புவோம். தொற்று உறுதியானால் பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். அப்போது சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 95.85 பவுண்டு. 2020 செப்டம்பர் 28 முதல் தரப்பட்ட 500 பவுண்டு உதவித்தொகை, குறைந்த வருமானமும் குறிப்பிட்ட தகுதிகளும் உடையவருக்கே கிடைத்தது. நாள்கூலியை நம்பியவர் தமக்கு நோய் இருப்பதை அறியாமலிருக்க விரும்பியதில் வியப்பென்ன? கதவைத் தட்டும் ஆளை அனுப்பிய அரசு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர் எதை உண்பார் என்பதில் கஞ்சத்தனம் காட்டியது. இதுவே இம்முறையின் பெருங்குறை. ஆய்வகத் தாமதம் அதற்கு அடுத்ததுதான்.

2021 நவம்பர் 27 அன்று ஒமிக்ரானின் முதல் இரு தொற்றுகள் நாட்டிங்ஹாமிலும் பிரென்ட்வுட்டிலும் தெரியவந்தபோது, பழைய வழக்கப்படி அங்கே பரிசோதனை தீவிரமானது. ஒரு மாதத்துக்குள் லண்டனில் ஒமிக்ரானே ஆட்சி செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான மக்களுக்கு இலவசப் பரிசோதனை நிறுத்தப்பட்டது.