குடல் அழற்சியும் தொற்றும்: தமிழக எதிர்ப்பாற்றல் ஆய்வின் வரலாறு

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே விடாமல் புண்ணாக்கும் நாள்பட்ட நோய்களுக்குக் குடல் அழற்சி நோய் என்பது பொதுப்பெயர். பெருங்குடலின் உட்பரப்பில் மட்டும் புண் பரப்புவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது, குடல் சுவரின் முழுக் கனத்திலும் இறங்குவது குரோன் நோய். ரத்தமும் சீதமும் கலந்த பேதி, வயிற்றுவலி, எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவை இரண்டுக்கும் பொது. மேலைநாடுகளில், தொற்றுநோய்கள் பெரும்பாலும் அடங்கிவிட்ட காலத்தில் இந்த ஆய்வு தனித் துறையாக வளர்ந்தது. தமிழகத்தில் காலரா, போலியோ, காசநோய் ஆகியவற்றின் பின்னால் ஓடிய ஆய்வகங்களே பிற்பாடு குடல் அழற்சியையும் கையில் எடுத்தன. அதனால் இங்கே எழுந்த கேள்விகளும் வேறாக இருந்தன.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் குடிநீர் இருக்கிறது. எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் வானம் பார்த்த கரிசல் பூமி. பல ஊர்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், குடிக்க ஊருணிதான். மழைக்காலத்தில் நிரம்பி, கோடையில் கலங்கல் சேறாக வற்றும் அந்த ஒரே நீர்நிலையில் ஊர் முழுக்கக் குடம் மொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பசியோடு வாந்திபேதியும் சேர்ந்து ஆட்களைக் கொண்டுபோனது. தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் நரம்புச்சிலந்தியும் இப்படித்தான் பரவியது. ஊருணி நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளோடு வயிற்றுக்குள் போன புழு, ஓராண்டு கழித்துக் காலைத் துளைத்து வெளியே வந்தது. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த ஆண்டும் வரும். உடல் அதற்கு எதிராகப் பாதுகாப்பைக் கற்றுக்கொள்வதில்லை. தடுப்பூசியோ மருந்தோ இல்லாமல், நீரை வடிகட்டிக் குடித்தும் படிக்கிணறுகளை மாற்றியும் ஒழிக்கப்பட்ட நோய் இது. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000இல் சான்று பெற்றது.

இப்படிப்பட்ட நீரைக் குடித்து வளரும் குடல் உள்ளே எப்படி இருக்கும்? இதை இங்கே முறையாகக் கேட்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒருவகை நீண்டகாலப் பேதி கொள்ளைநோயாகப் பரவியது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் ஆட்கள் மெலிந்து கிடந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வேலூரில் பணியாற்றிய செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஊர் ஊராகச் சென்று அதை ஆராய்ந்தார்கள். அது ஸ்ப்ரூ எனப்படும் நோய். நோயாளியின் குடலோடு ஒப்பிட, நோயில்லாத ஊர்க்காரர்களின் குடல் திசுவையும் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மையான வியப்பு காத்திருந்தது. மேலைநாட்டு நூல்களின் படங்களில் விரல் விரலாக எழுந்து நிற்கும் குடலுறிஞ்சிகள், இங்கே நலமாக நடமாடியவர்களிடமும் தட்டையாகி இலை வடிவில் இருந்தன. சுவரில் அழற்சிச் செல்கள் கூடுதலாகக் குவிந்திருந்தன. அவர்கள் 1972இல் இதை வெப்பமண்டலக் குடல்நிலை என்று விவரித்தார்கள். ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடல் எப்போதும் பாதி விழித்தே இருக்கிறது என்பதே அதன் சாரம். தமிழகத்தின் பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம் என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

அந்த நிலையின் விலையைத் தடுப்பூசிகள் காட்டிக்கொடுத்தன. மேலைநாடுகளில் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் காத்த போலியோ சொட்டு மருந்து, வேலூர்க் குழந்தைகள் பலரிடம் எதிர்ப்பாற்றலை எழுப்பவில்லை என்று டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே காட்டினார். கூடுதல் தவணைகளும் ஊசி வடிவ மருந்தும் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடினார். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரியில் பதிவானது. முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டால் குடலின் எதிர்ப்பாற்றல் மீண்டும் எழுகிறது என்று 2014இல் வெளியான வேலூர் ஆய்வு நிறுவியது. அடுத்த ஆண்டு ஊசியும் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

ரோட்டா வைரஸிலும் அதே கதைதான். ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மெக்சிகோவில் இரண்டு தொற்றுகளுக்குப் பின் கடும் பேதியிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. வேலூரில் மூன்று தொற்றுகளுக்குப் பின்னும் பாதுகாப்பு 79 சதவீதம்தான் என்று 2011இல் தெரியவந்தது. டெல்லி, புணே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்ட இந்தியத் தடுப்பு மருந்து ரோட்டாவாக், கடும் ரோட்டா வைரஸ் பேதியைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்தது. பேதியால் குழந்தைகளை அதிகம் இழந்த நாட்டில் அந்தப் பாதியும் பெரிய காப்பு. 2016இல் அது அரசுத் திட்டத்தில் நுழைந்தது.

காலராவும் தன் பங்குக்கு ஒரு பாடம் சொன்னது. 1992இன் பிற்பகுதியில் சென்னையில் ஒரு புதிய காலராக் கிருமி தலைகாட்டியது; ஓ139 என்று அதற்குப் பெயர். பழைய ஓ1 கிருமியோடு பழகிய பெரியவர்களையும் அது வீழ்த்தியது. கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலி மாறியதும் உடலின் பழைய நினைவு உதவவில்லை.

காசநோய்க்கு வருவோம். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிச் சோதனை உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளுள் ஒன்று. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிவு செய்யப்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசத்தைப் பிசிஜி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு உலகையே உலுக்கியது. மண்ணிலும் நீரிலும் வாழும், காசக் கிருமிக்கு உறவான பாக்டீரியாக்களை இங்கே மக்கள் சிறு வயதிலேயே சந்தித்துவிடுவதால் ஊசிக்குச் சேர்க்க எதுவும் மிஞ்சவில்லை என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசத்தை அது தடுப்பதால் பிறந்த குழந்தைக்குப் பிசிஜி போடும் வழக்கம் தொடர்கிறது.

தொற்று ஆய்வும் அழற்சி ஆய்வும் உண்மையிலேயே முட்டிக்கொண்டது குரோன் நோயில். 1913இல் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் டால்ஸீல் தடித்து இறுகிய குடலைப் பார்த்து, மாடுகளுக்கு வரும் ஜோன் நோயை ஒத்தது என்றார். மாட்டு நோய்க்குக் காரணம் காசக் கிருமியின் உறவுக் கிருமி. 1932இல் நியூயார்க்கில் குரோனும் அவருடைய சகாக்களும் இதைத் தனி நோயாக விவரித்தனர். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தையே குரோன் நோய் பெரிதும் பிடிக்கும். குடல் காசமும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். இரண்டிலும் புண், சுருக்கம், காய்ச்சல், மெலிவு. இரண்டிலும் எதிர்ப்பாற்றல் செல்கள் கூடிக் கட்டும் கிரானுலோமா என்னும் முடிச்சு. லண்டன் மருத்துவருக்கு இது பாடநூல் கேள்வி. கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் தீப்பெட்டித் தொழிலாளியைச் சோதிக்கும் மருத்துவருக்கு இது உயிர்க்கேள்வி. காசத்தைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவும். குரோனைக் காசம் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தால் அதற்குள் குடல் சுருங்கிப்போகும்.

வேலூர் நோயியல் மருத்துவர் அன்னா புலிமூட், பி. எஸ். ராமகிருஷ்ணா, மாத்தன் தம்பதி ஆகியோர் அடங்கிய குழு 1999இல் இதற்கு ஒரு வழி காட்டியது. கொலனோஸ்கோப்பி மூலம் கிள்ளி எடுத்த சிறு திசுத் துணுக்குகளையே கவனித்துப் படித்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரிக்கலாம் என்றார்கள். காசத்தின் கிரானுலோமாக்கள் பெரியவை, ஒன்றோடொன்று ஒட்டியவை, நடுவில் பாலாடைக்கட்டி போல் சிதைந்தவை. குரோனில் அவை சிறியவை, சில மட்டுமே, சிதையாதவை. குடலின் பல இடங்களில் துணுக்கு எடுப்பது பலன் தரும் என்பதை 2005இல் அதே ஆய்வகம் உறுதிப்படுத்தியது. அப்படியும் பிரியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் காசநோய் மருந்து தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் உள்ளே பார்த்து, புண் ஆறியிருந்தால் காசம் என்றும் ஆறாவிட்டால் குரோன் என்றும் முடிவு செய்யும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் நிலைபெற்றது.

2001இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குரோன் நோயாளிகளிடம் நோட்2 மரபணுவின் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. பாக்டீரியாச் சுவரின் துண்டுகளை உணரும் புரதத்தைத் தரும் மரபணு அது. வேலூர் ஆய்வாளர்கள் 2008இல் அதே மாற்றங்களை இந்திய நோயாளிகளிடம் தேடியபோது அவை இல்லை. ஒரே பெயருள்ள நோய்க்கு இங்கே வேறு வாசல் இருக்கிறது என்று அது உணர்த்தியது.

அடுத்த முட்டல் மருந்தில் வந்தது. டி.என்.எஃப். என்னும் புரதத்தைக் கட்டிப்போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. குடல் புண்கள் ஆறின. 2001இல் அம்மருந்து பெற்றவர்களிடம் 70 காசநோய் நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டன. காரணம் தெளிவு: உறங்கும் காசக் கிருமியைச் சிறைவைத்திருக்கும் கிரானுலோமா குலையாமல் நிற்க டி.என்.எஃப். வேண்டும். குடலைப் புண்ணாக்குவதும் காசத்தை அடக்குவதும் ஒரே புரதம். 2014இன் இறுதியில், அதே புரதத்தைக் கட்டிப்போடும் அடாலிமுமாப் மருந்தின் மலிவான வடிவம் உலகில் முதலாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின் இந்த ஆபத்து இன்னும் பல குடும்பங்களை எட்டும் தூரத்துக்கு வந்தது. மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ தோல் சோதனையும் அல்லது ரத்தச் சோதனையும் செய்யாமல் இவ்வகை ஊசியைத் தொடங்குவது, காசம் மலிந்த நாட்டில் மன்னிக்கக்கூடியதல்ல.

குடல் அழற்சி இங்கே அரிது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வு, அங்கே குடியேறிய தெற்காசியரிடம் கோலைட்டிஸ் வெள்ளையரைவிடக் கூடுதல் என்று காட்டியது. சென்னை மருத்துவர் வி. ஜெயந்தி அதில் பங்கேற்றவர். பஞ்சாபில் வீடு வீடாக எடுத்து 2003இல் வெளியான கணக்கு லட்சத்துக்கு 44 பேருக்கு மேல் கோலைட்டிஸ் இருப்பதைச் சொன்னது. நீர் தூய்மையாகிப் புழுக்களும் கிருமிகளும் விலகியதும் பழக்கமில்லாத எதிர்ப்பாற்றல் தடம் மாறுகிறது என்பது ஒரு கருதுகோள். சென்னையில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் சுபாஷ் பாபு தலைமையிலான குழு, குடற்புழு உள்ளவர்களிடம் காசத்துக்கு எதிரான செல்களின் வேகம் தணிவதை அளந்திருக்கிறது. புழு சமாதானம் செய்யும், ஆனால் அந்தச் சமாதானம் காசத்துக்கும் வசதியாகிவிடுகிறது.

உணவின் பக்கமும் ஒரு கிளை உண்டு. 2000இல் ராமகிருஷ்ணா குழு, சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளை உப்புச்சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பேதி விரைவில் குறைந்தது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மாவைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவை உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுகின்றன. பியூட்டிரேட் என்னும் அமிலம் பெருங்குடல் செல்களின் எரிபொருள். அழற்சியை அடக்கும் டி செல்களையும் வளர்க்கிறது. கோலைட்டிஸ் ஆய்வுக்கு இந்த இணைப்பு முக்கியமானது. வடித்த சோறு ஆறும்போது அதே செரிக்காத மாவு உருவாகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைத் துறை மாநில அரசின் நிதியோடு பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராயத் தொடங்கியதன் பின்னணியும் இதுவே. மாத்திரையைக் கைவிட்டு நீச்சத்தண்ணியை மட்டும் நம்ப அந்த ஆய்வு யாருக்கும் உரிமை தரவில்லை. கரிசல் வீடுகளில் இரவு காய்ச்சிக் காலையில் கரைத்துக் குடிக்கும் கம்பங்கூழையும் குதிரைவாலிச் சோற்றையும் அதே கண்டிப்போடு நோயாளிகளிடம் சோதிப்பது அடுத்த இயல்பான படி.