எகர ஒகரங்களும் ஸந்தை முறையும்

ஸம்ஸ்க்ருதத்தில் ஏகார ஓகாரங்கள் தீர்க்கமே. அவற்றுக்கு ஹ்ரஸ்வம் இல்லை. ஆயினும் ஸாமவேதிகளுள் ஸாத்யமுக்ரி ராணாயநீயர் அவற்றைப் பாதியளவாக ஓதினர் என்று மஹாபாஷ்யத்தில் குறிக்கும் பதஞ்ஜலி, அத்தகைய ஒலி உலகிலும் இல்லை, வேறு வேதத்திலும் இல்லை என்கிறார். உலகு என்று அவர் கொண்டது சிஷ்டர் வழக்கையே போலும். ப்ராக்ருதத்தில் இரட்டித்த மெய்க்கு முன் ஏகாரம் குறுகியே ஒலித்தது. தமிழிலோ தொல்காப்பியர் எகர ஒகரங்களைக் குற்றெழுத்து ஐந்தனுள் எண்ணிப் புள்ளியும் விதித்தார்.

அப்புள்ளியை ஏடெழுதுவோர் பெரும்பாலும் இடுவதில்லை. கொடியும் கோடியும், செய்யும் சேயும் ஓலையில் ஒரே வடிவம். வரிவடிவில் வேற்றுமை செய்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டினர். வடக்குத் திருவீதிப்பிள்ளை ஈட்டை ஏடுபடுத்தியது அதற்கு 400 ஆண்டுகட்கும் முன். யாப்பு ஓரளவே துணைசெய்யும். கொடி நிரையசை, கோடி நேர்நேர் ஆதலால் தளை காட்டிக்கொடுக்கும். செய், சேய் இரண்டும் நேரசையே. அங்கே தளை பேசாது. பொருளும் இருவகையாக இசையுமாயின் மாத்திரைக்குச் சான்று, ஸந்தை சொல்லிவைத்த ஆசார்யர்களின் நாவொன்றே. அவ்விடங்களில் பழைய ஏட்டைக் காட்டி அத்யாபக பாடத்தைத் திருத்தப் புகுவது, ஏடு சொல்லாததை ஏட்டின்மேல் ஏற்றுவதாகும்.