சூதுக்குச் சூட்டிய பெயர்கள்

பசியால் ஒரு பிடி சோற்றை எடுத்தவனுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை; திருடன் என்று தெருவே கூவும். ஆனால், பீடத்தில் அமர்ந்து பிறர் உரிமையை அள்ளியவனுக்கு? அவன் செயலுக்குப் பெயர் சூட்ட உலகம் நெடுங்காலம் தயங்கிற்று. தயக்கம் நீங்கித் துணிவு பிறந்த நாட்களின் வரலாறு ஆங்கில அகராதியிலே அடங்கிக் கிடக்கிறது. மாணவர்க்குப் பொருள் உரைக்கையில் என்னைச் சிந்திக்க வைத்த சொற்கள் மூன்று.

முதற்சொல், 'நெப்போடிசம்'. தகுதி பாராது உறவினர்க்குப் பதவி வழங்கும் முறைகேடு. அது பிறந்தது எங்கே? கள்வர் குகையிலா? இல்லை தோழர்களே, போப்பாண்டவரின் அரண்மனையிலே! இத்தாலிய மொழியில் உடன்பிறந்தார் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே சொல். அதன் வழி வந்தது இது. 1534-இல் பீடம் ஏறிய மூன்றாம் பால், அவ்வாண்டே தம் பேரர் இருவரைக் கர்தினால்கள் ஆக்கினார். ஒருவனுக்கு வயது 14, மற்றவனுக்கு 16! துறவிக்குப் பேரன் ஏது என்று எவரும் கேட்கவில்லை. அல்லது, கேட்டவர் குரல் கோபுரத்தை எட்டவில்லை. 1667-இல் கிரெகோரியோ லேத்தி என்பார் அந்தச் சொல்லையே தலைப்பாக்கி நூல் எழுதினார். ஊர் நகைத்தது. 1692-இல் பன்னிரண்டாம் இன்னொசென்ட் இவ்வழக்கத்தைத் தடுத்து ஆணையிட்டார்.

இரண்டாவது, 'ராட்டன் பரோ' - அழுகிய தொகுதி. இங்கிலாந்தில் ஓல்டு சாரம் என்றொரு மேடு. குடியில்லை, கூரையில்லை, ஆயினும் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்! டன்விச் நகரின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிற்று, அதற்கும் இருவர். மான்செஸ்டரில் ஆலைகள் நிறைந்தன, தொழிலாளர் நிறைந்தனர். அந்நகருக்கெனத் தனி உறுப்பினர் ஒருவரும் இல்லை!

ஓல்டு சாரத்தை 1691-இல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். ஆம், 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக வீற்றிருந்து, பெரும் வைரம் ஒன்றால் பெயர் பெற்ற அதே பிட்! அவர் பேரன் மூத்த வில்லியம் பிட், 1735-இல் அந்தக் குடும்பத் தொகுதியின் வழியாகவே மன்றம் புகுந்தார். பின்னர் 1766-இல், இத்தகைய தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று அவரே குறித்தார். எனினும் அழுகல் உடனே அகலவில்லை. மக்கள் திரண்டனர், கிளர்ச்சி மூண்டது, 1832-இல் சீர்திருத்தச் சட்டம் 56 தொகுதிகளை அடியோடு நீக்கிற்று.

மூன்றாவது, 'ஜெர்ரிமாண்டர்'. எல்பிரிட்ஜ் ஜெர்ரி, 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர். அதே கை, 1812-இல், மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது, தம் கட்சிக்கு ஏற்றவாறு தொகுதிகளை வளைத்து வரைந்த சட்டத்திலும் ஒப்பமிட்டது! ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தைப் போல் நெளிந்து கிடந்தது. பாஸ்டன் ஏடொன்று அதற்குச் சிறகும் நகமும் வைத்துச் சித்திரம் தீட்டி, ஜெர்ரியின் பெயரோடு அந்த உயிரினத்தின் பெயரையும் ஒட்டிவிட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஜெர்ரி தோற்றார். ஆனால், மாநில மேலவையில் அவர் கட்சிக்கு 29 இடங்கள். எதிர்க்கட்சிக்கு வெறும் 11!

ஆள் வீழ்ந்தார், சூது வென்றது. இன்றும் வெல்கிறது. கட்சி நலனுக்காகத் தொகுதியை வளைக்கும் வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாதென்று 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இருநூறு ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது. இருந்தும் நோய் தீரவில்லை.

பாடம் யாது? சூதுக்குப் பெயர் சூட்டுதல் முதற்பணி. பெயரற்ற தீமை வழக்கமென்றும், மரபென்றும், மாண்பென்றும் மாறுவேடம் பூணும். ஆனால், பெயர் சூட்டியதோடு உறங்கிவிடின், அந்தப் பெயரும் அகராதியில் உறங்கும். ஓல்டு சாரத்தை ஒழித்தது சொல் மட்டுமன்று. அந்தச் சொல்லைச் சுமந்து வீதிக்கு வந்த மக்கள்!