யூனியன் கார்பைடு: கைமாறிய நிறுவனம், தீராத பொறுப்பு

யூனியன் கார்பைடு, அமெரிக்காவைச் சேர்ந்த பன்னாட்டு வேதிப்பொருள் உற்பத்தி நிறுவனமாகும். 2001-ஆம் ஆண்டு முதல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் முழு உரிமையிலான துணை நிறுவனமாக இயங்கி வருகிறது. எத்திலீன் ஆக்சைடு, எத்திலீன் கிளைக்கால், பாலிஎத்திலீன் ஆகியவை இதன் முக்கிய உற்பத்திப் பொருள்கள். பிற ஆலைகளுக்கான மூலப்பொருள்களாக விற்கப்படுவதால், இந்நிறுவனத்தின் பெயரை நுகர்வோர் இன்று கேட்பது அரிது.

தொடக்கம்

கால்சியம் கார்பைடு, தொழிற்சாலை வாயுக்கள், உலர் மின்கலங்கள் ஆகிய தொழில்களில் ஈடுபட்டிருந்த நிறுவனங்கள் 1917-இல் ஒன்றிணைந்து இக்குழுமம் உருவானது. இந்தியாவில் 'எவரெடி' பேட்டரி மூலம் இது பரவலாக அறியப்பட்டது. யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தில் அமெரிக்கத் தாய் நிறுவனம் 50.9 சதவீதப் பங்குகளை வைத்திருந்தது.

போபால் ஆலை

மத்தியப் பிரதேச மாநிலம் போபாலில் 1969-இல் பூச்சிக்கொல்லி ஆலை தொடங்கப்பட்டது. 'செவின்' என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரிக்க மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் அங்கு பயன்படுத்தப்பட்டது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் சேமிப்புத் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததால் வெப்பமும் அழுத்தமும் உயர்ந்து, சுமார் 40 டன் நச்சு வாயு வெளியேறியது. தொட்டியைக் குளிரூட்டும் அமைப்பு அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். இது நாசவேலை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆலையின் பராமரிப்புக் குறைபாடுகளே காரணம் என்கின்றனர் பாதிக்கப்பட்டோர்.

இழப்பீடும் உரிமை மாற்றமும்

உச்ச நீதிமன்றத்தில் 1989-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நிறுவனம் 47 கோடி டாலர் வழங்கியது. 1994-இல் இந்திய நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை விற்றது. அந்த இந்திய நிறுவனமே பின்னர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் எனப் பெயர் மாறியது. ஆலை அமைந்திருந்த குத்தகை நிலம் 1998-இல் மாநில அரசிடம் திரும்பியது. போபால் ஆலை ஒருபோதும் தனக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதால் பொறுப்பேற்க இயலாது என்று டவ் கூறி வருகிறது.

கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கோரி மத்திய அரசு தாக்கல் செய்த மறுசீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. ஆலை வளாகத்தில் எஞ்சியிருந்த 337 டன் நச்சுக் கழிவு, 40 ஆண்டுகளுக்குப் பின் 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு அகற்றப்பட்டு, அங்கு எரித்து அழிக்கப்பட்டது. ஆனால், வளாகத்தைச் சுற்றியுள்ள மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்திகரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இன்னும் நீடிக்கிறது.