பிப்ரவரிக்கு முப்பது நாள் கேட்ட மனிதர்

இன்னைக்கு எபிசோடை ஒரு சொந்த அனுபவத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ராத்திரி ஒரு மணி. அப்போ நான் இருந்த கம்பெனியில ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரைப் புது மெஷினுக்கு மாத்திட்டு இருந்தோம். டேட்டா, கான்ஃபிக் ஃபைல் எல்லாம் காப்பி ஆயிடுச்சு. ஸ்டார்ட் கொடுத்தா சர்வர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. டேட்டா போச்சோன்னு வயித்துல புளியைக் கரைச்சுது. லாகைத் திறந்து பார்த்தா, ஒரு ஃபைலைக் காணோம்னு ஒரே ஒரு வரி. அது டேட்டா ஃபைலே இல்ல. எந்த க்வெரி எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு கணக்கு வைக்கிற ‘பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்’ங்கிற ப்ளக்-இன். பழைய மெஷின்ல அது இன்ஸ்டால் ஆகியிருந்துச்சு, புதுசுல இல்ல. ஆனா கான்ஃபிக்ல ‘ஷேர்ட் ப்ரீலோட் லைப்ரரீஸ்’ங்கிற வரியில அதோட பேர் மட்டும் பத்திரமா உட்கார்ந்திருக்கு.

கணக்கு எழுதுற ஒருத்தர் லீவு போட்டா கடையையே திறக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. வெளியில இருந்து வந்த கோடுக்கு சர்வருக்குள்ள இவ்வளவு உரிமையை யார் கொடுத்தது? தேடிப் போனா கதை 1980-களின் கலிஃபோர்னியாவுக்குப் போகுது.

பெர்க்லி பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் சக பேராசிரியர்களும் 1970-களில் இங்க்ரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்கியிருந்தார்கள். பின்னாடி அது வியாபாரப் பொருளாகவும் ஆச்சு. அதுல தேதிக்குன்னு தனி டேட்டா டைப்பைச் சேர்த்தாங்க. நாம பார்க்கிற சாதாரண காலண்டர்தான், லீப் வருஷம் உட்பட. அதுக்கப்புறம் நடந்ததை ஸ்டோன்பிரேக்கர் பல மேடைகளில் சொல்லியிருக்கார். கடன் பத்திர வியாபாரத்துல இருந்த ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணி, ‘உங்க தேதிக் கணக்கு தப்பு’ன்னாராம். அவர் தொழில்ல எல்லா மாசத்துக்கும் ஒரே வட்டி. அதனால மார்ச் 15-ல இருந்து பிப்ரவரி 15-ஐக் கழிச்சா எப்பவுமே 30 நாள் வரணும். இங்க்ரெஸ் 28 அல்லது 29-னு சொல்லுது.

அவர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். தேதிக் கழித்தலை மட்டும் என் இஷ்டப்படி மாத்திக்க விடுங்க. விட முடியல. கழித்தல் சர்வர் கோடுக்குள்ள இறுகிப் போயிருந்துச்சு. ரெண்டு தேதியையும் வெளியே எடுத்துட்டு வந்து, தன்னோட ப்ரோக்ராம்ல கழிக்கிறதைத் தவிர அவருக்கு வேற வழி இல்ல.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சதே, ரெண்டு பேர் சொன்னதும் சரிங்கிறதுதான். காலண்டரும் சரி, பத்திரக்காரரும் சரி. அப்போ சர்வர் எழுதுறவர் எல்லாருடைய தொழிலையும் முன்கூட்டியே தெரிஞ்சு வைக்க முடியாது. 1986-ல ஸ்டோன்பிரேக்கரும் லாரன்ஸ் ரோவும் அடுத்த டேட்டாபேஸுக்கான வடிவமைப்பை எழுதினப்போ, இதையே ஒரு முக்கிய நோக்கமா வெச்சாங்க: டேட்டா டைப், ஆபரேட்டர், இண்டெக்ஸ் எல்லாத்தையும் பயன்படுத்துறவரே சேர்த்துக்கலாம். இங்க்ரெஸுக்குப் பின்னால வந்ததால அதுக்கு போஸ்ட்கிரெஸ்னு பேர்.

இந்த யோசனை வியாபாரமாவும் போச்சு. இல்லுஸ்ட்ரா என்ற கம்பெனி இந்த ப்ளக்-இன்களை ‘டேட்டாபிளேடு’ன்னு பேர் வெச்சு வித்தது. 1996-ல இன்ஃபார்மிக்ஸ் அதை வாங்கிடுச்சு. இன்னொரு பக்கம் பெர்க்லி மாணவர்கள் ஆண்ட்ரூ யூவும் ஜாலி சென்னும் போஸ்ட்கிரெஸுக்கு எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்தாங்க. அது 1996-ல போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகி, உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் கைக்குப் போச்சு.

2001-ல கனடாவின் விக்டோரியா நகரத்துல இருந்த ஒரு சின்ன நிறுவனம் போஸ்ட்ஜிஐஎஸ்ஸை வெளியிட்டது. இடம், எல்லைக்கோடு, பரப்பளவு எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே. சர்வரின் மூலக் கோடை அவங்க மாத்தல. திறந்து வெச்ச கதவு வழியா உள்ளே வந்தாங்க.

சரி, கதவு திறந்திருக்கு. வீட்டை யார் பராமரிக்கிறது? இங்கதான் அட்மின்களோட கஷ்டகாலம். 2011 வரைக்கும் ப்ளக்-இன் போடுறதுன்னா ஒரு எஸ்க்யூஎல் ஃபைலை ஓட்டுறதுதான். அது நூத்துக்கணக்குல ஃபங்ஷன்களை உருவாக்கிட்டுப் போயிடும். அதெல்லாம் ஒரே குடும்பம்னு சர்வருக்குத் தெரியாது. பேக்கப் எடுத்தா உங்க டேபிளோட அந்த ஃபங்ஷன்களும் ஒவ்வொண்ணா கலந்து வரும். புது வெர்ஷன்ல ரீஸ்டோர் பண்ணினா பழைய ஃபங்ஷனும் புதுசும் முட்டிக்கும். போஸ்ட்ஜிஐஎஸ்காரங்க இதைப் பிரிச்சு எடுக்கவே தனியா ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் கொடுத்தாங்க.

பிரான்ஸைச் சேர்ந்த டிமித்ரி ஃபோன்டேன் இதைக் கையில எடுத்தார். டாம் லேன் நிறைய திருத்தி மூலக் கோடுல சேர்த்தார். 2011 செப்டம்பர்ல வந்த 9.1-ல ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ன்னு ஒரே கட்டளை. பேக்கப்லயும் அந்த ஒரு வரிதான். அப்டேட்டுக்கு ஒரு கட்டளை, நீக்க ஒரு கட்டளை. புதுசா பெரிய ஆற்றல் எதையும் இது கொடுக்கல. எது எதோடதுன்னு ஞாபகம் வெச்சுக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா என்னைக் கேட்டா, அட்மின்களுக்கு அந்த வருஷம் கிடைச்ச பெரிய பரிசு அதுதான்.

ஆபத்து மட்டும் போகல. சி மொழியில எழுதின எக்ஸ்டென்ஷன் சர்வர் ப்ராசஸுக்குள்ளேயே ஓடுது. அது மெமரியில தப்பான இடத்தைத் தொட்டு விழுந்தா, போஸ்ட்கிரெஸ் மத்த எல்லாக் கனெக்ஷனையும் துண்டிச்சுட்டுத் தன்னை மறுபடி சரி பண்ணிக்கும். அதனாலதான் அதைப் போடுற அதிகாரம் சூப்பர்யூசரிடம் இருந்தது. 2020-ல வந்த 13-வது வெர்ஷன்ல, நம்பலாம்னு குறிச்ச சிலதை மட்டும் மத்தவங்களும் போடலாம்னு தளர்த்தினாங்க. கிளவுட்ல வாடகைக்கு எடுக்கிற சர்வர்கள்ல சூப்பர்யூசரே நமக்குக் கிடைக்காது. அவங்க பட்டியல்ல இருக்கிற எக்ஸ்டென்ஷன்தான். பத்திரக்காரர் இன்னைக்கு வந்து தன் கழித்தலை சி-யில எழுதிட்டு வந்தா, வாசல்லயே நிறுத்திடுவாங்க. பாதுகாப்புக்காகத்தான், புரியுது. இருந்தாலும் எனக்கு அது கொஞ்சம் உறுத்துது.

அந்த ராத்திரிக்கு வருவோம். கான்ஃபிக்ல அந்த வரியை அழிச்சா சர்வர் கிளம்பியிருக்கும். எங்க சீனியர் அக்கா விடல. ‘எதுக்கு இருந்துச்சுன்னு தெரியாம அழிக்காதே’ன்னாங்க. பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினோம், சர்வர் எழுந்துச்சு. இப்போ எந்த சர்வரை மாத்துறதுக்கு முன்னாடியும் நான் ரெண்டு இடம் பார்ப்பேன். ஒவ்வொரு டேட்டாபேஸ்லயும் ‘பிஜி எக்ஸ்டென்ஷன்’ங்கிற அட்டவணை, அப்புறம் அந்த ப்ரீலோட் வரி. முதல் இடம் மட்டும் போதாது. ‘ஆட்டோ எக்ஸ்ப்ளெய்ன்’ மாதிரி சிலது அந்த அட்டவணையில பேரே இல்லாம, வரியில மட்டும் ஒளிஞ்சிருக்கும்.