உறைக்குள் விழுந்த கையொப்பம்

நாம் கடையில் தாள்காசு கொடுத்தால் கொடுத்தது யாரென்று வங்கிக்குத் தெரியாது. அட்டையால் கொடுத்தால் பதிவாகிவிடும். இது 1982இலேயே அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் சௌமை உறுத்தியது. அவர் சொன்ன வழிதான் 'குருட்டுக் கையொப்பம்'.

காபன் தாள் வைத்த ஒரு கடித உறை. உள்ளே நாம் இலக்கம் எழுதிய துண்டு. வங்கி நம் கணக்கில் ஒரு டொலரைக் கழித்துக்கொண்டு உறையின் மேல் ஒப்பமிடும். ஒப்பம் துண்டில் பதியும், இலக்கத்தை வங்கி காணாது. (கணினியில் அந்த உறை வெறும் பெருக்கல்தான் பிள்ளைகளே, பிறகு வகுத்தால் கழன்றுவிடும்!) கடைக்காரர் துண்டைக் கொண்டுவந்தால், தன் ஒப்பத்தைப் பார்த்து வங்கி காசு கொடுக்கும். அது யாருடைய துண்டு என்று அதற்குத் தெரியாது. அதே இலக்கம் மறுபடி வந்தால் மட்டும் மறுத்துவிடும்.

சௌம் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் வங்குரோத்தானது. கணக்கில் பிழை வந்து அல்ல. இணையத்தில் வாங்கியவர்கள் கடனட்டையே போதுமென்று இருந்துவிட்டார்கள், நாமுந்தான்.